மூலத்தில் உள்ளபடி

ஜனவரி 5, திங்கள்

இன்று காலை, பல் விளக்கியதற்கும் காபிக்கும் இடைப்பட்ட நேரத்தில், 'வைரஸ்' என்றே எழுதுவது என்று முடிவு செய்தேன். 'நச்சுயிரி', 'தீநுண்மி' ஆகிய இரண்டும் பரிசீலிக்கப்பட்டுத் தள்ளுபடி செய்யப்பட்டன. தமிழுக்கு இதனால் நேரக்கூடிய இழப்பை முழுமையாக உணர்ந்தே இந்த முடிவை எடுத்திருக்கிறேன். நாளைய அறிஞர்கள் என்னைத் திட்டுவார்கள் என்றால் அவர்களுக்கு என் பெயர் தெரிந்திருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் பெயரை இந்த இதழ் கடைசிப் பக்கத்தில், சந்தா விவரத்துக்குக் கீழே போடுகிறது. எனவே அச்சமில்லை.

கட்டுரை சென்னையிலிருந்து வந்திருக்கிறது. அறிவியல் மாத இதழின் உதவி ஆசிரியை மெர்லின், ஆங்கில மூலத்தைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறாள். நாளிதழில் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் சும்மா இருப்பவனுக்கு இப்படி மாதம் ஒரு கட்டுரை வரும். சென்ற மாதம் எறும்பு. இந்த மாதம், பெருங்குடல் புற்றுநோயில் வைரஸ்களுக்குப் பங்கு இருக்கக்கூடுமா என்பது.

விஷயம் இதுதான். பலருடைய குடலில் ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. பெரும்பாலும் தொந்தரவு இல்லாத குடித்தனம். சிலரிடம் அந்தப் பாக்டீரியாவுக்குள்ளேயே ஒரு வைரஸ் குடியேறியிருக்கிறது, உள்வாடகை மாதிரி. புற்றுநோய் வந்தவர்களிடம் இந்த உள்வாடகைக்காரர்கள் மற்றவர்களிடம் இருப்பதைவிட அதிகமாகத் தென்படுகிறார்கள். அவர்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்களா, நோய் வந்த குடல் அவர்களுக்கு வசதியாக இருக்கிறதா, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா என்பது தெரியாது. தெரியாது என்பதைக் கட்டுரையாளர் பத்துப் பக்கங்களில் மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

மாலை மாடித் தொட்டியின் மிதவை உடைந்து தண்ணீர் வழிந்தது. மாற்றினேன்.

மூலம் மறுபடி தலைகாட்டியிருக்கிறது. துத்தியிலை வாங்கி வந்தேன். மனைவி ஆவுடையிடம் சொல்லவில்லை. அவளுக்கு ஏற்கெனவே முட்டிவலி.

ஜனவரி 7, புதன்

மெர்லின் போன் செய்தாள்.

"சார், தலைப்பு 'குடல் புற்றுநோய்க்கு வைரஸே காரணம்'னு வச்சுக்கலாமா? பளிச்சுனு இருக்கும்."

"இருக்கும். பொய்யாவும் இருக்கும்."

"கடைசில கேள்விக்குறி போட்டுட்டா?"

"போட்டா நாம பொய் சொல்லல, கேட்டோம்னு ஆயிரும். அவ்வளவுதான் வித்தியாசம்."

"நீங்க ரொம்ப கறார் சார்."

கறார்தான். கட்டுரையாளர் எங்கெல்லாம் சந்தேகப்படுகிறாரோ அங்கெல்லாம் நானும் சந்தேகப்பட வேண்டும். தமிழில் அதற்கு 'லாம்' என்று ஒரு சின்ன வால் இருக்கிறது. காரணமாகலாம், தூண்டலாம், தொடர்பு இருக்கலாம். அந்த வாலை நறுக்கிவிட்டால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கும். பார்க்க அழகாகவும் இருக்கும். அப்படி நறுக்கப்பட்டவைதான் வாட்ஸப்பில் வருகின்றன. என் கையால் ஒரு 'லாம்'கூட நறுக்கப்படாது என்று மெர்லினிடம் சொன்னேன்.

இன்றும் ரத்தம். மூலம்தான். சந்தேகமே இல்லை. உளுந்தைக் குறைக்க வேண்டும்.

ஜனவரி 9, வெள்ளி

கருணைக்கிழங்கு மூலத்துக்கு நல்லது. மசியல் வைக்கச் சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து அதைத் தொடாதவன் கேட்கிறானே என்று ஆவுடை கரண்டியோடு வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நாக்கு நல்லாத்தான இருக்கு ஒங்களுக்கு?"

வயதானால் ருசி மாறும் என்று ஒரு கட்டுரையில் படித்ததாகச் சொன்னேன். அப்படி ஒரு கட்டுரை இருக்கலாம்.

ஜனவரி 12, திங்கள்

இடுப்பு வாரில் புதுத் துளை போட வேண்டியிருந்தது. ஆணியைச் சுட்டுக் குத்தினேன். நேர்த்தியாக வந்தது.

எதிர்வீட்டு அண்ணாச்சி வாசலில் பிடித்துக்கொண்டார். "என்ன வே, ஆளு சிக்குன்னு ஆயிட்டீரு. வாக்கிங் போறீரோ?"

ஆமாம் என்றேன். உண்மையில் தெருமுனைக்கு மேல் போவதில்லை. போனால் மூச்சு வாங்குகிறது. மார்கழிப் பனி யாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் நன்றாக வந்திருக்கிறது என்று ஆவுடையிடம் சொன்னேன். இலையில் இருந்ததை அவள் உள்ளே போனபோது அணிலுக்கு வைத்தேன். அணிலும் அதையேதான் சொல்லும்.

ஜனவரி 17, சனி

ஆறு பக்கங்கள் முடித்து மெர்லினுக்கு அனுப்பிவிட்டேன்.

இந்த வைரஸை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஒரு நோய்க்கு நாம் தின்றது காரணம் என்றால் வீட்டில் ஏச்சு விழும். பரம்பரை காரணம் என்றால் செத்துப்போனவர்களை ஏச வேண்டும். அவர்களால் பதில் சொல்ல முடியாது என்பதால் அது நாகரிகமும் அல்ல. வைரஸ் என்றால் வெளியாள். கதவு திறந்திருந்தது, வந்துவிட்டான். யார்மீதும் குற்றமில்லை. மனித குலத்தின்மீது கருணை உள்ள எவரும் வைரஸே காரணமாக இருக்க வேண்டும் என்றுதான் விரும்புவார்கள்.

பொதுவாகச் சொல்கிறேன்.

ஜனவரி 19, திங்கள்

கட்டுரையின் ஓரத்தில் ஒரு பெட்டிச் செய்தி: எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று. மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத மெலிவு, மலம் கழிக்கும் வழக்கத்தில் மாறுதல், தீராத களைப்பு. எளிய வாக்கியம். காலையில் உட்கார்ந்தவன் விளக்கு வைக்கும் நேரம்வரை அதில் இருந்தேன்.

சிக்கல் இலக்கணம். கடைசி அறிகுறிக்கு முன்னால் 'அல்லது' என்று இருக்கிறது. அதாவது இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே போக வேண்டும் என்று பொருள் வருகிறது. இவ்வளவு நிதானமான ஒரு கட்டுரையாளர் அப்படிப் பதற்றப்பட்டு எழுதியிருப்பாரா? எல்லாம் சேர்ந்து இருந்தால்தான் போக வேண்டும் என்று நினைத்திருப்பார். அச்சில் பிழை நேர்ந்திருக்கும். நாற்பது வருடம் மெய்ப்புப் பார்த்தவன் என்ற முறையில் இது எனக்குத் தெரியும்.

'அல்லது'வை எடுத்துவிட்டு 'ஆகியவை அனைத்தும்' என்று போட்டுப் பார்த்தேன்.

அதிலும் பெரிய வித்தியாசம் ஏற்படவில்லை. மூலத்தில் உள்ளபடியே விட்டுவிட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

என் டம்ளரையும் துண்டையும் தனியாக எடுத்து வைத்தேன். கொரோனாக் காலத்தில் கற்றுக்கொண்ட நல்ல பழக்கங்களை நாம் வீணாக விட்டுவிட்டோம். அந்தக் கவலைதான், வேறில்லை.

ஆவுடை பார்த்துவிட்டாள். "என்ன, டம்ளரு தனிக்குடித்தனம் போயிருக்கு?"

"சுத்தம்."

"இத்தன வருசம் ஒரே செம்புல குடிச்சோம். இப்ப நான் அழுக்காயிட்டனாக்கும்."

"நீ இல்ல, ஆவுடை."

"பின்ன யாரு?"

அவள் என் டம்ளரை எடுத்து, நான் குடித்து மிச்சம் வைத்திருந்த தண்ணீரை, என்னைப் பார்த்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு டம்ளரைக் கழுவி மற்ற டம்ளர்களோடு கவிழ்த்தாள்.

உடனே மெர்லினுக்கு எழுதினேன்: இந்த வைரஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுமா, குறிப்பாக ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு? வாசகர்கள் கேட்பார்கள். உடம்பு சற்றுச் சுகமில்லாததால் மீதிக் கட்டுரை தாமதமாகும் என்றும் சேர்த்தேன்.

பதில் வந்தது. "சார், இது பாக்டீரியாவைத்தான் தொற்றும், மனுஷங்களை இல்லன்னு மூணாம் பக்கத்துல நீங்களே அழகா மொழிபெயர்த்திருக்கீங்க."

வாசகர்கள் சார்பில் நிம்மதி அடைந்தேன்.

ஜனவரி 22, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது மெர்லின் அழைத்தாள். கையெல்லாம் நுரை. ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், மூலம் எப்படி இருக்கு?"

உடம்பு சுகமில்லை என்றுதான் எழுதியிருந்தேன். எந்த இடம் என்று எழுதவில்லை. ஆனால் பத்திரிகைக்காரர்களுக்கு மோப்பம் உண்டு. அந்தச் சின்னப் பெண் இவ்வளவு அக்கறையாகக் கேட்கும்போது மழுப்ப மனம் வரவில்லை.

"பரவால்லம்மா. ரத்தந்தான் இன்னும் நிக்கல."

"ரத்தமா? எந்தப் பக்கத்துல சார்?"

"இது என்னம்மா கேள்வி. பின்பக்கந்தான்."

"பின்பக்கம் வெத்துத் தாள் சார். அத நாங்க ஸ்கேனே எடுக்கல."

"நானும் இன்னும் எடுக்கல."

மெல்லக் கேட்டாள். "சார், நான் இங்கிலீஷ் கட்டுரையக் கேட்டேன். எழுத்து தெளிவா இருக்கா, மங்கலா இருக்கான்னு."

"தெளிவா இருக்கும்மா," என்றேன். "ரொம்பத் தெளிவா இருக்கு."

அவள் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தாள். கண்ணாடியில் எனக்குப் பின்னால் ஆவுடை நின்றுகொண்டிருந்தாள்.

"எத்தன நாளா?"

"கொஞ்ச நாளா."

"அந்தக் கொஞ்சம் எப்ப ஆரம்பிச்சுது?"

"தீவாளிக்கு முன்னால."

அவள் உள்ளே போனாள். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. குழம்பு இன்னும் கொதி வந்திருக்கவில்லை. திரும்பி வந்து சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"பாதி முகத்தோட நிக்காதீய. மிச்சத்தையும் வழிச்சிட்டுக் கெளம்புங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

கட்டுரை முடியட்டும் என்றேன்.

ஜனவரி 24, சனி

இரண்டு நாட்களாக வீட்டில் பேச்சுவார்த்தை நடக்கிறது. என் தரப்பு: இது மூலம், குடும்பத்துக்கே உள்ளது, ஒப்புக்கொண்ட வேலையைப் பாதியில் விடுவது முறையல்ல, மேலும் திங்கட்கிழமை குடியரசு தினம். அவள் தரப்பு: "கொடிய ஏத்திட்டு வாங்க, போவோம்."

இறுதியில் புதன்கிழமை என்று உடன்பாடு ஏற்பட்டது. அவளே போன் செய்து நேரம் வாங்கினாள். "எதற்கு" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள் போலிருக்கிறது. "அது தெரிஞ்சா நான் ஏன் ஒங்ககிட்ட வாரேன்," என்றாள்.

முடிவுரைப் பத்தி மட்டும் பாக்கி.

ஜனவரி 28, புதன்

குடல் நோய் மருத்துவர் ஜைனப். நான் மெய்ப்புப் பார்க்கத் தொடங்கியபோது பிறந்திருக்க மாட்டார். பெண் என்று ஆவுடை முன்கூட்டியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உடன்பாடு முறிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன சார் தொந்தரவு?"

"மூலம்."

"அத நான் சொல்லணும். உங்களுக்கு என்ன ஆகுதுன்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். களைப்பைச் சொல்லவில்லை, பனி என்று ஏற்கெனவே முடிவு செய்தாயிற்று.

"வெயிட் குறைஞ்சுதா?"

"அப்படி ஒண்ணும்..."

"இடுப்பு வாருல புதுசா ஓட்ட போட்டிருக்காவ டாக்டர்," என்றாள் ஆவுடை. அவள் அதைப் பார்த்தாள் என்பதே எனக்குத் தெரியாது.

"வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்துதா?"

"அப்பாவுக்கு மூலம் உண்டு. தென்காசில என் தம்பி இருக்கான், அவனுக்கும் உண்டு."

"அப்பா இருக்காங்களா?"

"இல்ல. போயி ரொம்ப வருசமாச்சு."

"எதுல போனாங்க?"

"மூலத்துல."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "மூலத்துல யாரும் சாகறதில்ல சார்," என்றார்.

எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அப்பா மூலம் முற்றிப் போனார். அம்மா சொன்னாள், சித்தப்பாக்கள் சொன்னார்கள், நானும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த வாக்கியத்தில் பிழை இருப்பதாக எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கடைசி மாதங்களில் அவருடைய வேட்டி இடுப்பில் நிற்காமல் அம்மா அரைஞாண் கயிற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுவாள். இதை எழுத வேண்டிய அவசியம் இல்லை. எழுதிவிட்டேன்.

ஏதாவது பேச வேண்டும் என்று, "இது வைரஸால வரலாமா டாக்டர்?" என்று கேட்டேன். கட்டுரை மொழிபெயர்ப்பதையும் சொன்னேன்.

"ஆராய்ச்சி நடக்குது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்," என்றார். எவ்வளவு பொறுப்பான பதில். "உங்களுக்கு இப்ப காரணம் அவசரமில்ல சார், பாக்கறதுதான் அவசரம். அந்தச் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுங்க."

படுத்தேன். அடுத்து நடந்தது மொழிபெயர்ப்புக்கு உரியதல்ல.

சனிக்கிழமை குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள்.

ஜனவரி 30, வெள்ளி

குடலைச் சுத்தம் செய்ய ஒரு பொடி. தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். எலுமிச்சை மணம் என்று உறையில் போட்டிருக்கிறது. எலுமிச்சை வழக்குத் தொடர்ந்தால் நான் சாட்சி சொல்வேன். பிற்பகல் முழுவதும் கழிப்பறையில் கழிந்தது.

ஆவுடை கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பொழுதுபோக வேண்டும் என்று என் மேசையிலிருந்து கையெழுத்துப் பிரதியை எடுத்துவந்து வாசித்திருக்கிறாள். என் மொழிபெயர்ப்பு ஒன்றை அவள் படித்தது இதுதான் முதல் தடவை. நல்லா இருக்கு, புரியுது என்றாள். பிறகு தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஓரத்துல கட்டம் கட்டி எழுதிருக்கீயளே. ரத்தம், மெலிவு, களைப்புன்னு."

"ஆமா."

"இத என்னைக்கு எழுதினீய?"

"பத்தொம்பதாந் தேதி."

"எழுதினவுக அத வாசிக்கலயா?"

தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

ஜனவரி 31, சனி

மயக்கத்திலிருந்து விழித்தபோது டாக்டர் ஜைனப் கட்டில் ஓரத்தில் நின்றார். ஒரு வளர்ச்சி இருக்கிறது. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். முடிவு வரட்டும் என்றார். ஆனால் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ஆவுடையைப் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் ஆவுடை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேகத்தடைகளுக்காக என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 2, திங்கள்

முடிவுரையை முடித்து அனுப்பினேன். 'காரணமாகலாம்' என்றே தலைப்பு வைக்கிறோம் என்று மெர்லின் சொன்னாள். வேறு எதுவும் கேட்காமல், "நீங்க எப்படி இருக்கீங்க சார்?" என்று மட்டும் கேட்டாள். இந்த முறை குழப்பத்துக்கு இடமில்லாத சொற்களாகத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

தம்பி நெல்லையப்பனுக்குப் போன் செய்தேன்.

"எனக்கு வெறும் மூலந்தாண்ணே. வைத்தியர்ட்ட காட்டிட்டேன். லேகியம் திங்கேன்."

"ரத்தம் போவுதா?"

"எப்பமாச்சும். நம்ம வீட்டுல யாருக்குத்தான் போவல. அப்பாவுக்குப் போகலயா?"

"அப்பாவுக்கு மூலம் இல்லலே."

"பின்ன?"

சொன்னேன். "அம்மைக்குத் தெரியுமா அது?" என்றான். அம்மா இறந்தே பல வருடங்கள் ஆகின்றன. தெரிந்திருக்காது என்றேன்.

"இப்ப என்ன செய்யச் சொல்லுதே?"

"கேமரா விட்டுப் பாக்கணும்."

"எண்ணே, என் மானம் என்னாவுறது?"

"அதுக்கு ஒரு கவுன் தாராங்க. பின்னால மட்டும் தெறந்திருக்கும்."

சிரித்தான். மாசித் திருவிழா கழியட்டும் என்றான். நம் வீட்டில் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று கழிய வேண்டியிருக்கிறது, நாளைக்கே போ என்றேன். நான் அதட்டி அவன் கேட்டது சின்ன வயதோடு சரி. "சரிண்ணே," என்றான்.

பிப்ரவரி 6, வெள்ளி

சதைப் பரிசோதனை முடிவு வந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி. ஆவுடை தமிழில் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அதுல அப்படித்தான் போட்டிருக்கா? நீங்களா ஒண்ணும் சேக்கலயே?"

"சேக்கல."

"கொறைக்கவும் இல்லயே?"

"இல்ல, ஆவுடை."

அவள் அந்தத் தாளை வாங்கி, படிக்கத் தெரியாத அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். பிறகு தோசைக்கு மாவு கரைத்தாள். நான் ஒன்றரை தோசை சாப்பிட்டேன். அவள் அருகிலேயே நின்று பார்த்ததால் அணிலுக்கு வழியில்லை.

குடலோடு நின்றிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடலாம், குணமாக நல்ல வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நின்றிருக்கிறதா என்று பார்க்க செவ்வாய்க்கிழமை ஸ்கேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தூக்கம் இல்லை. மின்விசிறியைத் துடைத்தேன். ஆவுடை நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

ஸ்கேன் எடுத்தார்கள். மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தேன். விடச் சொன்னார்கள், விட்டேன். நாளை முடிவு.

பிப்ரவரி 11, புதன்

கல்லீரலில் இரண்டு இடங்களில் இருக்கிறது. அறுவை சிகிச்சை இப்போது இல்லை. மருந்து ஏற்றுவது திங்கட்கிழமை தொடங்கும்.